கேள்வி நிக்கட்டும்

வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குப் புரொக்டர் உடுமுல்லவின் வீட்டு விறாந்தையில் ஐந்து கதிரைகளும் ஒரு முக்காலியும் போடப்படும். கதிரைகள் வட்டமாக இருக்கும். முக்காலி தூணோரம், வட்டத்துக்கு வெளியே. அது அழகையாவுக்கு. புரொக்டரின் வக்கீல் கந்தோரில் டைப் அடிக்கிற பையன் அவன். வயது இருபத்திரண்டு. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தெல்தெனியப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் இங்கிலீஷ் படித்துக் கண்டிக்கு வந்து சேர்ந்தவன்.

அந்தக் கூட்டத்துக்குப் பேர் ஒன்றும் கிடையாது. 'வியாழக்கிழமை' என்றால் கண்டியில் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். புரொக்டர் இருப்பார். பழைய பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கனகசபாபதி மாஸ்டர் இருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியிலேயே நரைத்தவர். துணிக்கடை ஹாஷிம் ஹாஜியார் வருவார். மற்ற இரண்டு கதிரைகளில் மாறி மாறி ஒரு டாக்டரோ ஒரு தோட்டத் துரையோ உட்காருவார்கள். கீழே வாவியில் மழை பெய்துகொண்டிருக்கும். இங்கே நாட்டை எப்படி நடத்துவது என்று பேச்சு நடக்கும். நாடென்பது முன்னோர் கட்டிய வீடு, ஓட்டை மாற்றலாம், சுவரில் கை வைக்கக் கூடாது என்பது மாஸ்டரின் கட்சி. அவசரம் கூடாது என்பது புரொக்டரின் கட்சி. இரண்டும் ஒரே கட்சிதான் என்பதைக் கண்டுபிடிக்க அழகையாவுக்கு ஆறு மாதம் பிடித்தது.

ஆனால் வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இங்கே பேசியதை அவன் டைப் அடிப்பான், அது கொழும்புக்குப் போகும். மூன்று மாதம் கழித்து அதே வாசகம் ஒரு பெரிய மனிதரின் பேச்சாகப் பத்திரிகையில் வரும். அப்படி வந்த ஒரு துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அவன் விரல் பட்ட வாசகம் பார்லிமெண்டில் பேசப்பட்டிருக்கிறது என்ற நினைப்பில் அவனுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. அந்தக் குளிர்ச்சிதான் அவனைக் கெடுத்தது.

ஐம்பத்துநாலாம் வருசம் தைமாதம், தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவிந்து கிடந்தன. யாருக்குக் கொடுப்பது, யாரை அக்கரைக்கு, இந்தியாவுக்கு அனுப்புவது, எதை வைத்து நம்புவது என்று வட்டம் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலை வைத்து நம்பலாமா என்று டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டர் தூண் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்கட ஆக்களின்ர பேரைச் செக்ரோலில எப்பிடிப் பதியிறவை? ஒருக்கா விளக்கமாச் சொல்லும் பாப்பம்."

அழகையா எழுந்து நின்றான்.

"நிண்டுகொண்டு என்னத்துக்கு? இஞ்ச வந்து கதிரையில இரும்."

அன்றைக்குத் தோட்டத் துரை வரவில்லை, அவருடைய கதிரை காலியாக இருந்தது. அழகையா அதில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை கால் புரியவில்லை. இங்கிலீஷில் அழகாக எடுத்துச் சொன்னான். பேர் எப்படி ஏறும், எப்படி வெட்டுவார்கள் என்று சொன்னான். கேட்டவர்கள் தலையாட்ட ஆட்ட இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றியது. ஒரு லயத்தில் ஒரு பெண் செத்துப் போனாள், லயத்து அறையான காம்பரா அவள் பேரில் இருந்தது, பேர் போனால் காம்பராவும் போய்விடும் என்று கங்காணி அவள் தங்கையை அதே பேரில், காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு நிறுத்தினார், இன்றைக்கும் அவள் அக்காள் பேரில்தான் கொழுந்து எடுக்கிறாள் என்று முடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், குத்தலான சிரிப்பில்லை. "அருமையான உதாரணம்" என்றார் மாஸ்டர். ஹாஷிம் ஹாஜியார் மட்டும் சிரிக்காமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மாஸ்டரின் கையெழுத்துப் பிரதி அவன் மேசைக்கு வந்தது. அடுத்த வியாழக்கிழமை கொழும்பிலிருந்து கட்சிப் பெரியவர் ஒருவர் வருகிறார், அதற்குள் சுத்தப் பிரதி வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் அவனுடைய கதை இருந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டம், இறந்த பெண், அவள் தங்கை. செக்ரோலில் பத்துப் பேருக்கு ஒருவர் இப்படித்தான் என்று மாஸ்டர் தாமாகவே சேர்த்திருந்தார். அதற்குக் கீழே: ஆகவே விசாரணைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் உடன்பிறந்தவர்கள் யார் யார், உயிரோடு இருக்கிறார்களா, செத்தவரென்றால் எப்போது, எங்கே புதைத்தது என்று கேட்க வேண்டும்.

அந்தத் தங்கை வேறு யாருமில்லை, அவனைப் பெற்றவள். வீட்டில் மூக்காயி, செக்ரோலில் பேச்சியம்மா. பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுத்தபோது அவன் வயது வராதவன் என்பதால் அம்மாவின் மனுவிலேயே அவன் பேரும் இருக்கிறது. மனு பேச்சியம்மா பேரில். அது விழுந்தால் இரண்டு பேரும் அக்கரைக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். அக்கரையில் அவர்களுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினான். தெல்தெனியவில் வெயில், ஹுன்னஸ்கிரியவில் மழை. குடையில்லாமல் தேயிலை மலை ஏறி லயத்துக்குப் போனபோது அட்டை இரண்டு கணுக்காலில் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். வாரம் முழுவதும் கூடை சுமந்த கயிற்றின் தடம் அவள் நெற்றிக்கு மேலே மயிரை வகிர்ந்து வைத்திருந்தது.

"மழையில வந்தியாக்கும். அட்டைக்குச் சுண்ணாம்பு வையி. அந்தா டின்னுல இருக்கு."

சுண்ணாம்பு வைத்தான். ரொட்டியும் கட்டச் சம்பலும் தட்டில் வந்தன. இரண்டு விள்ளல் வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்னாடா, வேலைய விட்டுட்டாங்களா?"

"இல்லம்மா."

"பொம்பள வெவகாரமா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல."

"அப்ப திண்ணுட்டுச் சொல்லு."

திங்காமலே சொன்னான். மென்று விழுங்கி, முன்னும் பின்னுமாக, ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது கருகும்வரை எடுக்கவில்லை.

"ஏஞ் சொன்ன?"

"கேட்டாங்க."

"கேட்டா சொல்லிர்றதா? இந்த லயத்துல எம்பது பேருக்குத் தெரியும். இருவத்தஞ்சு வருசமா ஒரு வாயி தொறந்துச்சா? பக்கத்துக் காம்பரா பாலம்மாவோட எனக்குத் தண்ணிப் பீலியில எத்தன சண்ட. அவ என்னென்னமோ சொல்லி வைவா. இத மட்டும் சொன்னதில்ல."

"உக்காரச் சொன்னாங்கம்மா."

"என்னாது?"

"கதிரையில உக்காந்து சொல்லச் சொன்னாங்க. அதான்…"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்கப்பன் கறுப்பையாவும் அப்பிடித்தான்" என்றாள். "கணக்கப்பிள்ள ஒருக்கா வெத்தல குடுத்தாருன்னு ஒரு வாரம் அதையே பேசிக்கிட்டு இருந்துச்சு."

கருகிய ரொட்டியை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"எங்கக்கா காய்ச்சல்ல கெடந்து ஒரு வெள்ளிக்கெழம செத்துச்சு. அப்ப எனக்குப் பதினாலு வயசு, அரச் சம்பளத்துக்கு அரப்பேரு. சாவ எழுத ஆள் வரல, ஊரே காய்ச்சல்ல கெடந்துச்சு. சவுக்கு மரத்தடியில பொதச்சிட்டு வந்தோம். கங்காணி சொன்னாரு, ஒம் பேர வெட்டிர்றேன், நாளைக்குப் பிரட்டுல பேச்சின்னு கூப்புடுவேன், நீ ஏன்னு பதில் கொரல் குடுன்னு. மறுநா காலையில கூப்புடுறாரு, எனக்கு வாயே வரல. பேச்சி, பேச்சின்னு மூணுதரம். தொர குதிரையில ஒக்காந்து பாக்குறாரு. பின்னால நின்ன எங்கப்பன் முதுகுல ஒரு குத்து வச்சாரு. அப்பறந்தான் ஏன்னு வந்துச்சு. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நா தவறுனதில்ல."

வருசா வருசம் மாசி வெள்ளியில் அந்த அக்காளுக்கு அவள் இலை போடுவாள். ரொட்டி, கருவாட்டுக் குழம்பு, ஒரு வாய் வெற்றிலை. கற்பூரம் கொளுத்தி, செத்தவரின் பேரை வாய்விட்டுச் சொல்லிக் கும்பிட வேண்டும். சொல்லாவிட்டால் வந்தவர் சாப்பிடாமல் போய்விடுவார் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. ஆண்பிள்ளை என்று சின்ன வயதிலிருந்து அழகையாதான் அந்தப் பேரைச் சொல்லி வருகிறான்.

"அந்த எழுத்த எடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"எப்பிடிம்மா சொல்றது? எங்கம்மான்னு சொன்னா நம்மதான் மாட்டுவோம்."

"அம்மான்னு ஏஞ் சொல்ற? பொய்யின்னு சொல்லு. கேட்டீங்க, சும்மா ஒரு கத விட்டேன்னு சொல்லு."

"என்னையப் பொய்யன்னு நெனப்பாங்க."

"நெனைக்கட்டும். நான் ரெண்டு பேர வச்சிக்கிட்டு இருவத்தஞ்சு வருசம் மலையேறுறேன். ஒனக்கு ஒரு பொய்யி சொல்ல முடியலியா?"

அழகையா தலையைக் குனிந்துகொண்டான். வெட்கமாக இருந்தது. அவளுக்கு முன்னால் வெட்கம், அந்தக் கதிரைகளுக்கு முன்னால் இன்னும் பெரிய வெட்கம் காத்திருந்தது. எது பெரிது என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது கண்டிவரைக்கும் வேறு ஏதாவது வழி தட்டுப்படுமா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தான்.

தட்டுப்படவில்லை. வியாழக்கிழமை வந்தது. கொழும்புப் பெரியவர் வெள்ளைச் சூட்டில் வந்து நடுக்கதிரையில் உட்கார்ந்தார். பட்டிஸும் கேக்கும் வந்தன. கூட்டம் தொடங்கும் முன் ஹாஷிம் ஹாஜியார் கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் வந்து அழகையாவின் முழங்கையைப் பிடித்தார்.

"மகன், அந்தக் கதையில வார பொம்பள உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

அவன் விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் கேக்கல்ல. நீங்களும் செல்ல வாணாம். என்ட வாப்பாவும் கப்பல்ல வந்தவர்தான். எங்களுக்கு முந்திக் கதவு தொறந்திச்சு, அவ்வளவுதான்."

"ஹாஜியார், நீங்க ஒரு வார்த்த சொல்லலாமே."

அவர் துவாயில் கையை நெடுநேரம் துடைத்தார். "நான் செல்லுவேன், மகன். ஆனா அவங்க என்னக் கேக்க மாட்டாங்க" என்றார்.

அறிக்கையை மாஸ்டர் உரக்க வாசித்தார். நல்ல குரல். ஐந்தாம் பக்கம் வந்ததும் கொழும்புப் பெரியவர் கையை உயர்த்தினார். இது சுவையான விசயம், ஆனால் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்குது. எங்கட டைப்பிஸ்ட் தம்பியே அந்த ஆக்களில ஒருத்தர்" என்று மாஸ்டர் பெருமையோடு சொல்லிவிட்டு, தமக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கதிரையைத் தட்டினார். "வாரும் தம்பி. இரும்."

அழகையா முக்காலியை விட்டு எழுந்தான். கதிரைக்குப் போகவில்லை. நான்கு முகங்களும் அவனைப் பார்த்தன, அன்பாகத்தான் பார்த்தன. அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது.

"அது நான் இட்டுக்கட்டிய கதை, சேர்" என்று இங்கிலீஷில் சொன்னான். "அப்படி ஒரு பெண் இல்லை. நீங்கள் கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதனால் சொன்னேன்."

புரொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம், அன்றைக்கும் வரவில்லை. "நாங்கள் உன்னை நம்பினோம், அழகையா" என்று மட்டும் சொன்னார். மாஸ்டரின் முகம் சிவந்து கறுத்தது.

"இவ்வளவு படிச்சும் இந்தப் புத்தியோ, தம்பி?"

அப்போது ஹாஷிம் ஹாஜியார் வாயைத் திறந்தார். ஆதாரமில்லாத பக்கத்தை முழுசாகவே எடுத்துவிடலாமே என்றார். கதையை வைத்துத்தானே அந்தக் கேள்வி வந்தது, கதை போனால் கேள்வியும் போக வேண்டியதுதானே என்றார். புரொக்டர்கூட மெல்லத் தலையாட்டினார்.

மாஸ்டர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். அவர் கெட்டவரில்லை. காசுக்காகவோ பதவிக்காகவோ எழுதியவரில்லை, ஒரு யோசனை பிடித்துப் போனால் அதை விட மனம் வராதவர். பேனாவை எடுத்துக் கதை இருந்த ஏழு வரிகளையும் ஒரே கோட்டில் அடித்தார். 'பத்துக்கு ஒருவர்' என்பதையும் அடித்தார்.

"கதை பொய்யாப் போச்சுது, சரி. ஆனா கேள்வி நல்ல கேள்வி. கதையை எடுத்துப்போடுவம். கேள்வி நிக்கட்டும்."

அதை இங்கிலீஷிலும் சொன்னார். கொழும்புப் பெரியவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. படித்த ஒருவனே இப்படிக் கூசாமல் பொய் சொல்லும்போது மற்றவர்களிடம் கேள்வி கேட்டுத்தானே ஆக வேண்டும் என்றார் அவர். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஹாஜியார் இன்னொரு முறை வாயைத் திறக்கப் போனார், கேக் தட்டு அவர் பக்கம் வந்தது.

மறுநாள் காலை அழகையா ஐந்தாம் பக்கத்தைத் திரும்ப டைப் அடித்தான். கதை இல்லாமல் கேள்வி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அவனை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த வியாழக்கிழமையிலிருந்து முக்காலி விறாந்தையிலிருந்து உள்ளே, கதவுக்குப் பின்னால் போயிற்று. அவ்வளவுதான்.

மாசி வெள்ளியன்று அம்மா வழக்கம்போல் அக்காளுக்கு இலை போட்டாள், அவன் பேச்சியம்மா பேரைச் சொல்லிக் கும்பிட்டான். பங்குனி, சித்திரை என்று மாதம் நகர்ந்தது. ஆடியில் பாலம்மா தன் விசாரணைக்குக் கண்டி வந்து போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் லயத்துக்குப் போனபோது அவளே வாசலுக்கு வந்து சொன்னாள்.

"தம்பி, எல்லாக் கேள்வியும் நம்ம சங்கத்துப் பழனியாண்டி சொல்லிக் குடுத்த மாதிரிதான் இருந்துச்சு. ஒண்ணு மட்டும் புதுசாக் கேக்குறாரு அந்த ஐயா. கூடப் பொறந்தவங்க எத்தன, இருக்காங்களா, செத்தாங்களா, எங்க பொதச்சீங்கன்னு. எனக்குக் கூடப் பொறந்தது ஒண்ணுமில்ல, தப்பிச்சேன். எதுக்குய்யா அதையெல்லாம் கேக்குறாங்க?"

"தெரியலக்கா" என்றான் அழகையா. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அவர்களுடைய தேதி ஐப்பசியில் வந்தது. அம்மா வெள்ளைச் சேலை உடுத்து, காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். என்ன சொல்லப் போகிறாய் என்று பஸ்ஸில் தெல்தெனிய தாண்டியதும் கேட்டான். "கேக்கட்டும் பாப்போம்" என்றாள்.

விசாரணைக் கந்தோரில் நீளமான வாங்கு. அதில் காத்திருந்து மத்தியானம் ஆகிவிட்டது. பேர் கூப்பிட்டார்கள்.

"கறுப்பையா பெண்சாதி பேச்சியம்மா!"

"ஏன் ஐயா" என்று அவள் சட்டென்று எழுந்தாள். இருபத்தைந்து வருசப் பழக்கம், அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை ஐயா, பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர். இந்தப் பக்கம் அம்மா நின்றாள், அவளுக்குப் பின்னால் அழகையா நின்றான். எங்கே பிறந்தாய், எந்தத் தோட்டம், எந்த வருசம் பேர் பதிந்தது, புருசன் எப்போது செத்தார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஐயா செக்ரோல் நகலைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சரி போட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து மேலே வைத்தார்.

"கூடப் பிறந்தவை இருக்கினமோ?" என்றார் மொழிபெயர்க்கிறவர்.

"ஒரு தங்கச்சி."

"இருக்கிறாவோ?"

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஐயா தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். அழகையா அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூடைக் கனத்தில் கூன் விழத் தொடங்கியிருந்த முதுகு.

"செத்துப் போச்சு ஐயா."

"பேர்?"

"மூக்காயி."

"எப்ப செத்தவ?"

"பதினாலு வயசுல. காய்ச்சல்ல. ஒரு வெள்ளிக்கெழம."

"எங்க புதைச்சது?"

"எங்க மலையில, கொழுந்து நிறுக்குற எடத்துக்குக் கீழ, சவுக்கு மரத்தடியில. தல வடக்கால. கல்லு ஒண்ணு இருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுதாள் என்று அழகையாவால் இன்றுவரை சொல்ல முடியாது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, பெரிய உடம்பு குலுங்க அழுதாள். விசாரணை ஐயாவுக்குச் சங்கடமாகிவிட்டது. தண்ணி கொடுக்கச் சொன்னார். மொழிபெயர்க்கிறவர் எழுதிக்கொண்டார்: தங்கை மூக்காயி, காலமானார். ஐயா அதன் ஓரத்திலும் சரி போட்டார்.

மார்கழி முடிவில் கடுதாசி வந்தது. பேச்சியம்மாவும் மகன் அழகையாவும் பிரஜைகள். அதை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனான். பாலம்மா பீலியிலிருந்து "மூக்காயிக்கா, ஒம் மகன் வந்திருக்கு" என்று சத்தம் போட்டாள். அம்மா திரும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டதும் எழுந்து போய், "யாரடி கூப்புடுற? அவ செத்துட்டா. கந்தோருல எழுதிக்கிட்டாங்க. இனிமே இந்த லயத்துல அந்தப் பேரச் சொல்லக் கூடாது, பச்சப் புள்ளகிட்டயும் சொல்லி வையி" என்றாள். பாலம்மா குடத்தை வைத்துவிட்டு நின்றாள். சரி என்றாள்.

மாசி வெள்ளி திரும்ப வந்தது. மத்தியானம் அம்மா இலை போட்டாள். ரொட்டி, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை. எப்போதும் இல்லாமல் இந்தத் தடவை வெல்லம் போட்ட அவலும் ஒரு பிடி வைத்தாள். அவல் பெரியம்மாவுக்குப் பிடிக்காது என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குத்தான் அவலென்றால் உயிர்.

கற்பூரத்தைக் கொளுத்தினாள். "பேரச் சொல்லிக் கும்புடு" என்றாள்.

"எந்தப் பேரும்மா?"

"எழுதிக்கிட்டாங்கல்ல, அந்தப் பேரு."

அழகையா கையைக் குவித்தான். வாய் வரவில்லை. கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் நின்றவள் அவன் முதுகில் ஒரு குத்து வைத்தாள்.

"மூக்காயி" என்றான்.